மனு போதும், பதிவேட்டைக் கேளுங்கள்

கேள்வி: ஐயா, நான் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு குக்கிராமத்தில் இருக்கிறேன். மகளிர் குழுவில் செயலாளர். எங்கள் காலனியும் பக்கத்துத் தெருக்களும் சேர்த்து 140 வீடு. 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி இருக்கிறது. வீட்டுக்கு வீடு குழாய் போட்டு, ஆதார் நம்பர் வாங்கி, குழாய் பக்கத்தில் நிற்க வைத்துப் படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். தண்ணீர் என்னவோ எட்டு நாளுக்கு ஒரு முறைதான், சில சமயம் பத்து நாள். கேட்டால் மோட்டார் ரிப்பேர், இல்லையென்றால் நிதி இல்லை. தலைவர் இருந்தபோது அவர் வாசலில் போய் நின்று சத்தம் போடலாம். 2025 ஜனவரியோடு அவர் பதவி முடிந்து தனி அலுவலர் என்றார்கள், அவர் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாளில் பல தடவை கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் மனு சுற்றிக்கொண்டு எங்கள் ஊராட்சிச் செயலர் கைக்கே வருகிறது. "என்னம்மா, கலெக்டர் வரைக்கும் போயிட்டீங்க போல" என்கிறார். கிராம சபையில் எழுந்து கேட்டேன், "நோட் பண்ணிக்கிட்டோம்" என்றார்கள். காலிக்குடத்தோடு மறியலுக்குப் போகலாம் என்று பெண்கள் சொல்கிறார்கள். என் தம்பி போலீஸ் வேலைக்குப் படிக்கிறான், அதனால் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்? பெயர், ஊர் போட வேண்டாம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மனு ஏன் செயலர் கையிலேயே வந்து நிற்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரோ உங்களைப் பழிவாங்கச் செய்த வேலை என்று நினைக்க வேண்டாம். ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே காகிதம் நடக்கும் வழியே அதுதான். கலெக்டர் அலுவலகத்தில் மனுவுக்கு நம்பர் போட்டு, ஊரக வளர்ச்சித் துறை என்று பிரித்து, ஒன்றியத்துக்கு அனுப்புவார்கள். ஒன்றியத்தில் "விசாரித்து அறிக்கை அனுப்புக" என்று ஓரத்தில் எழுதிச் செயலருக்குத் தள்ளுவார்கள். செயலர் நாலு வரி எழுதுவார்: மின்மோட்டார் பழுது நீக்கம் செய்யப்பட்டு, பொதுமக்களுக்குக் குடிநீர் சீராக விநியோகம் செய்யப்பட்டு வருகிறது. அந்த நாலு வரி வந்த வழியே மேலே ஏறும், கம்ப்யூட்டரில் உங்கள் மனு முடிந்துவிடும். முதல்வரின் உதவி மைய எண் 1100-க்குப் போன் போட்டாலும் இதே ரூட்டுதான்.

இதில் எரிச்சலான விஷயம், யாரையும் பொய் சொன்னதாகப் பிடிக்க முடியாது. "தண்ணீர் சரியாக வருவதில்லை, தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று நீங்கள் எழுதினீர்கள், "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று பதில் வந்தது. கேள்வி மொட்டையாக இருந்தால் பதிலும் மொட்டையாகத்தான் வரும். அதனால் இனி குறையை எழுதாதீர்கள். யாராவது கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்ற காகிதம் எது என்று பார்த்து, அதைக் கேளுங்கள். நான் சொல்லப் போவது மொத்தமும் இவ்வளவுதான், எதை, யாரிடம், எப்படி என்பதில்தான் சூட்சுமம்.

கேட்பதற்கு முன்னால் உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கப்பட்டபோது சொன்ன அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். 140 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் 560 பேர், 30,800 லிட்டர். உங்கள் தொட்டி 30,000. அதாவது தினமும் ஒரு தடவை தொட்டியை நிரப்பித் திறந்துவிட்டால் கிட்டத்தட்ட உங்களுக்கு வர வேண்டியது வந்துவிடும், புதுத் தொட்டி வேண்டாம், புதுத் திட்டம் வேண்டாம். கிராம சபையில் "தண்ணீர் கொடுங்கள்" என்று கேட்பதைவிட "தினம் ஒரு தொட்டி" என்று கேட்பது நல்லது. அதை நோட் பண்ணிக்கிட்டோம் என்று சொல்லி நழுவ முடியாது, ஒன்று நிரம்பியிருக்கும், இல்லை நிரம்பியிருக்காது.

அடுத்தது மோட்டார் ரூம் மீட்டர். இதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதுதான் முதல் சாட்சி. மோட்டார் எத்தனை ஹெச்.பி. என்று தொட்டி ஆபரேட்டரைக் கேளுங்கள். ஏழரை ஹெச்.பி. என்று வைத்துக்கொள்வோம், அது மணிக்குச் சுமார் 6 யூனிட் இழுக்கும். போர்வெல் நிமிடத்துக்கு 150 லிட்டர் தள்ளினால் 30,000 லிட்டர் நிரம்ப மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், கூடக்குறைய நாலு மணி நேரம். அப்படியானால் தினம் ஒரு தொட்டி நிரம்பும் ஊரில் அந்த மீட்டர் மாதம் 700 யூனிட்டை ஒட்டி ஓடியிருக்க வேண்டும். உங்கள் ஊர் மோட்டாரும் போர்வெல்லும் வேறாக இருக்கலாம், எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு இதேதான். மோட்டாருக்கு என்று தனி மீட்டர்தானா, தெருவிளக்கும் அதிலேயே ஓடுகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது மீட்டரில் 100 யூனிட்தான் ஓடியிருக்கிறது என்றால் மோட்டார் உண்மையிலேயே ஓடவில்லை. 700 ஓடியிருக்கிறது, ஆனால் உங்கள் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்றால் தண்ணீர் வேறெங்கோ போகிறது. இரண்டும் வேறு வேறு நோய், வேறு வேறு வைத்தியம். இதைப் பிரிக்காமல் நூறு மனு கொடுத்தாலும் மோட்டார் ரிப்பேர் என்ற ஒரே பதில்தான் வரும். அப்புறம் இன்னொன்று, ஒரு மாதம் முழுக்க மோட்டார் எரிந்து கிடந்தது, காயில் கட்டியதாகச் செலவுச் சீட்டு போட்டிருக்கிறார்கள், அதே மாதம் மீட்டர் வழக்கம்போல ஓடியிருக்கிறது என்று வந்தால், நீங்கள் யாரையும் குற்றம் சொல்லவே வேண்டியதில்லை. இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

"நிதி இல்லை" என்பதற்கு வருவோம். சில ஊராட்சிகளில் நிஜமாகவே இருக்காது, கரண்ட் பில்லுக்கே திணறுகிற ஊராட்சிகள் நிறைய உண்டு. ஆனால் அதைச் செயலர் வாயால் கேட்டு நம்ப வேண்டியதில்லை. 2021-26 காலத்துக்குக் கிராம ஊராட்சிகளுக்கு வந்த 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்ட பணம், அதில் பாதி குடிநீர் பங்கு. அதை எடுத்துப் பேவர் பிளாக் போடக் கூடாது. உங்கள் ஊராட்சிக்கு எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில் எந்த வேலைக்கு எவ்வளவு போனது என்பது மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் லாகின் எதுவும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள், மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் வந்துவிடும். தேர்வுக்குப் படிக்கிற பையன், உள்ளாட்சிப் பாடம் படித்த மாதிரியும் ஆச்சு. மாநில நிதியும் வரி வசூலும் தனியாக வரும், ஆகவே அந்தத் தளத்தில் இருப்பது முழுக் கணக்கு இல்லை, ஆனால் பேச்சைத் தொடங்க அது போதும்.

தகவல் உரிமைச் சட்டம் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லோருக்கும் தெரியும், எழுதத்தான் தெரிவதில்லை. "எங்கள் தெருவுக்கு ஏன் தண்ணீர் வரவில்லை?" என்று எழுதினால் "கோரப்படும் விவரம் தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள், சட்டப்படி அது சரியும்கூட. ஏன் என்ற சொல்லே விண்ணப்பத்தில் வரக் கூடாது. இருக்கிற ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். மோட்டார் பழுது தொடர்பான செலவுச் சீட்டுகள், கடை பில், கடந்த இரண்டு வருடத்துக்கு. பொருள் இருப்புப் பதிவேட்டில் மோட்டார், பைப், பிளீச்சிங் பவுடர் பக்கங்கள். குழாய் பதித்த வேலையின் அளவுப் புத்தகம், எம்-புக் என்று கேட்டால் ஒன்றியத்தில் உடனே புரியும். பம்ப் அறை மின் இணைப்புக்குக் கட்டிய பில்கள். தொட்டி கழுவிய தேதி எழுதும் பதிவேடு, மாதம் இரண்டு தடவை கழுவியிருக்க வேண்டும். கடைசியாக, எல்லா வீட்டுக்கும் குழாயில் தண்ணீர் கிடைக்கிறது என்று உங்கள் கிராம சபை தீர்மானம் போட்டிருந்தால் அதன் நகல். இதைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹர் கர் ஜல், அதாவது வீடுதோறும் தண்ணீர், என்று ஊருக்குச் சான்று கொடுக்கக் கிராம சபைத் தீர்மானம் தேவை. உங்கள் ஊர் பெயரில், உங்கள் கையெழுத்துகூட அதில் இருக்கலாம், அப்படி ஒரு தீர்மானம் ஏற்கனவே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

ஒரே விண்ணப்பத்தில் இவ்வளவையும் அடைக்காதீர்கள். இரண்டு மூன்றாகப் பிரித்து, வேறு வேறு ஆள் பெயரில் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி எழுதி, தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் ஐந்து நாளில் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, கேட்டாலும் சொல்லாதீர்கள். உள்ளூரில் முகம் காட்டப் பயமாக இருந்தால் திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கிற உங்கள் ஊர்க்காரர் ஒருவர் பெயரில் போடலாம், இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும், அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. 30 நாளில் பதில் வரவில்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தில் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. பாதிப் பேர் இங்கேதான் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். தகவல் ஆணையம் வரை போனால் காலம் பிடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் முதல் மேல்முறையீட்டிலேயே நிறையக் கோப்புகள் நகரும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அந்த அலுவலர் தன் கைக்காசிலிருந்து அபராதம் கட்ட நேரிடலாம் என்பது அவருக்குத் தெரியும். நகலுக்குப் பக்கம் பக்கமாகப் பணம் கேட்டு இழுத்தடித்தால், "பதிவேடுகளை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்" என்று கேளுங்கள், அதுவும் உங்கள் உரிமைதான். நாலு பெண்களாகப் போய் மேசையில் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டுங்கள்.

சரி, யாரிடம் கேட்பது? ஒன்றியத்தில் இரண்டு பி.டி.ஓ., அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர்கள், உண்டு. ஒருவர் வட்டார ஊராட்சி, இன்னொருவர் கிராம ஊராட்சி. ஊர் மனுக்களில் வெறுமனே பி.டி.ஓ. அவர்கள் என்று எழுதிவிடுவதால் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று கொஞ்ச நாள் அலைகிறது. உங்கள் ஊருக்குத் தனி அலுவலர் என்று சொல்கிறார்களே, அவர்தான் கிராம ஊராட்சி பி.டி.ஓ. நீங்கள் பார்த்ததில்லை என்பதில் ஆச்சரியமில்லை. தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள், சராசரியாக ஒரு ஒன்றியத்துக்கு முப்பதுக்கு மேல். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு பதவிக்காலம் முடிந்ததும் அத்தனை ஊருக்கும் அவர் ஒருவரே தலைவர் என்று ஆகிவிட்டது. 2016 முதல் 2019 வரையும் இதே கூத்துதான் நடந்தது. என் அபிப்பிராயம் கேட்டால், ஊர்ப்புறச் சேவை கெட்டுப்போவதற்குத் தேர்தலைத் தள்ளிப்போடுவதைவிடப் பெரிய காரணம் வேறில்லை. தோற்றுவிடுவோம் என்ற பயம் இல்லாத ஆளிடம் தண்ணீர் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் பதவிக்காலம் முடிந்தது தலைவருக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும்தான். கிராம சபைக்கு முடிவு கிடையாது. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர், அரசியல் சட்டத்தின் 243-ஏ பிரிவில் இருக்கிற அமைப்பு அது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாளில் தனி அலுவலரோ அவர் சார்பில் ஒருவரோ உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தே ஆக வேண்டும், கூட்டத்தைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து பற்றாளர் என்று ஒருவரும் வருவார். வரவு செலவுச் சுருக்கம், படிவம் 30 என்பார்கள், அதை பிளக்ஸில் எழுதி வைக்க வேண்டும். போனதும் முதலில் அது எங்கே என்று பாருங்கள். பெரும்பாலும் எழுத்து படிக்க முடியாத அளவில் ஒரு மூலையில் தொங்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

போன தடவை நீங்கள் எழுந்து பேசினீர்கள். பேச்சு பதிவேட்டில் ஏறாது. இந்தத் தடவை கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தீர்மானத்தை நீங்களே எழுதி, குழுப் பெண்கள் கையெழுத்தோடு செயலரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டேன் என்று வாங்கிக்கொள்ளுங்கள். இப்படி எழுதலாம்: "எங்கள் குக்கிராமத்தின் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியைத் தினமும் ஒரு முறை நிரப்பித் திறந்துவிட வேண்டும், மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், மீட்டர் அளவு, தண்ணீர் திறந்த நேரம் ஆகியவற்றை எழுதும் நோட்டு தொட்டியடியிலேயே இருக்க வேண்டும், அதில் ஆபரேட்டரோடு மகளிர் குழு உறுப்பினர் ஒருவரும் தினமும் கையெழுத்திட வேண்டும் என்று தீர்மானிக்கப்படுகிறது." தொட்டியடி நோட்டுக்குச் செலவே இல்லை, நிதி இல்லை என்று அதையாவது மறுக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. நிறைய ஊர்களில் காலையிலேயே வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், தீர்மானம் சாவகாசமாகப் பிறகு ஏறும். குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்ல வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, காட்ட நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களை வரிசையில் நிறுத்திக் கையெழுத்துப் போடச் சொல்வதும் உண்டு. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் வர வேண்டும். அந்த நூறில் நாற்பது ஐம்பது பேர் உங்கள் ஆட்களாக இருந்து, "தீர்மானம் எழுதி வாசித்துக் காட்டுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுகிறோம்" என்று சொன்னால் கூட்டத்தின் தோரணையே மாறிவிடும். சண்டை போடத் தேவையில்லை, பேனாவை எடுக்காமல் உட்கார்ந்தாலே போதும். எழுதியபின் அந்தப் பக்கத்தைப் படம் எடுங்கள்.

கையில் இருக்கிற காகிதத்தை அந்தக் கூட்டத்திலேயே சத்தமாக வாசியுங்கள். இது புதிதல்ல. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு 1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணை நடத்தியபோது செய்தது இதைத்தான். வேலை நடந்ததாக எழுதிய பில்லை ஊர்க்காரர்கள் முன்னால் வாசித்தார்கள், நடந்ததா இல்லையா என்று ஊரே சொன்னது. பத்து வருடம் கழித்து வந்த தகவல் உரிமைச் சட்டத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. (நம் மாநிலம் 1997-லேயே இப்படி ஒரு சட்டம் போட்டது, நாட்டிலேயே முதலாவது. விதிவிலக்குகளை அடுக்கியதில் யாருக்கும் பெரிதாகப் பயன்படவில்லை.)

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த விஷயம் கிளம்பினால் முதலில் பலியாகப் போகிறவர் தொட்டி ஆபரேட்டர். அற்பச் சம்பளத்தில் உங்கள் தெருவிலேயே இருக்கிற ஆள், யார் வால்வைத் திருப்பச் சொன்னாலும் திருப்ப வேண்டிய நிலைமை. அவரைக் குற்றவாளி ஆக்கினால் செயலர் நிம்மதியாக மூச்சு விடுவார். அவரை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், எந்த வால்வு எப்போது, யார் சொல்லி என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அதேபோல மீட்டர் நன்றாக ஓடி, தண்ணீர் மட்டும் உங்களுக்கு வரவில்லை என்றால், மேல்தெருவில் யாராவது குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்களா என்று பார்க்க வேண்டிவரும். அது உங்கள் சொந்தக்காரர் வீடாகவும் இருக்கலாம். அதிகாரியைக் கேள்வி கேட்பதைவிட அது கஷ்டம், தெரியும். ஆனால் காலனிதான் எப்போதும் கடைமடை என்றால் அது தற்செயல் அல்ல, அதையும் பெயர் சொல்லாமல் கிராம சபையில் பதிய வைக்க வேண்டும்.

மறியல் பற்றி. காலிக்குடம் வைத்து உட்கார்ந்தால் அன்று சாயங்காலமே டேங்கர் லாரி வரும், மறுநாள் மோட்டார் ஓடும், அடுத்த மாதம் பழைய கதைதான். சாலையை மறித்ததாகப் பதியும் வழக்கில் தம்பி பெயரும் ஏறிவிட்டால், அவன் வேலைக்குப் போலீஸ் விசாரணை வரும்போது அது இடிக்கும். வேறு வழியே இல்லாத ஊர்கள் மறியல் செய்கின்றன, அவர்களை நான் தப்பாகச் சொல்லமாட்டேன். நீங்கள் இன்னும் அங்கே வரவில்லை. ஐகோர்ட் மதுரைக் கிளைக்குப் போகலாமா என்று யாராவது சொல்லக்கூடும். காகிதம் இல்லாமல் போனால் "மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலிக்கவும்" என்று உத்தரவு வரும், அதைப் பரிசீலித்து அதே நாலு வரியை எழுதி அனுப்புவார்கள். நகல்கள் கையில் வந்த பிறகு அதைப் பேசலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது, பம்ப் அறைக்குப் போய் மின் இணைப்பு எண்ணையும் மீட்டரில் இருக்கிற எண்ணையும் தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நாளைக்குத் தினமும் ஒரே நேரத்தில் எழுதுங்கள், பக்கத்திலேயே அன்று தண்ணீர் வந்ததா, எத்தனை குடம் என்பதையும். அந்தப் பட்டியலையும் தகவல் விண்ணப்பத்தின் வரைவையும் எனக்கு அனுப்பினால் எங்கே திருத்த வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.